உயிருள்ள உடலில் உயிரற்ற மூட்டு

மூட்டை மாற்றப் பல்லை ஏன் பார்க்கிறார்கள்?

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன் நோயாளியிடம் கேட்கப்படும் கேள்விகளில் பல, முழங்காலோடு தொடர்பே இல்லாதவையாகத் தோன்றும். சொத்தைப் பல் இருக்கிறதா? சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் உண்டா? கால் விரலிடுக்கில் புண் இருக்கிறதா? பீடி, சிகரெட் பழக்கம் உண்டா? சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறதா? இவற்றில் ஒன்று சரியில்லையென்றாலும் அறுவை சிகிச்சை சில வாரங்கள் தள்ளிப்போகும். மாற்றப்போவது தேய்ந்துபோன ஒரு மூட்டை. பொருத்தப்போவது துருப்பிடிக்காத உலோகம். அதற்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் எழுவது இயல்பு.

விடை, பொருத்தப்படும் பொருளின் ஓர் அடிப்படைத் தன்மையில் இருக்கிறது. செயற்கை மூட்டுக்குள் இரத்த ஓட்டம் கிடையாது. எலும்பு முறிந்தால் கூடும். தோல் கிழிந்தால் மூடும். திசுவுக்குள் கிருமி நுழைந்தால் இரத்தம் வெள்ளணுக்களைக் கொண்டுவந்து இறக்கும். உலோகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் இவற்றில் எதுவும் இயலாது. தன்னைக் காத்துக்கொள்ளவோ சரிசெய்துகொள்ளவோ முடியாத ஒரு பொருள், ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும் உடலுக்குள் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும். இந்தச் சிகிச்சையின் முக்கியமான சிக்கல்களில் பல, இவ்விரண்டும் சந்திக்கும் எல்லையில்தான் உருவாகின்றன. அந்த எல்லையில் உலோகத்தை மாற்ற நோயாளியால் முடியாது. உடலைத் தயார்ப்படுத்த முடியும். மேலே கண்ட கேள்விகள் அனைத்தும் அந்தத் தயாரிப்பைச் சேர்ந்தவை.

பொருத்தப்படுவது என்ன?

இடுப்பு மூட்டு ஒரு பந்தும் கிண்ணமும். தொடை எலும்பின் தலை பந்து. இடுப்பெலும்பின் குழி கிண்ணம். மாற்று அறுவையில் தேய்ந்த பந்தை வெட்டி எடுத்துவிட்டு, தொடை எலும்பின் உட்குழாய்க்குள் ஓர் உலோகத் தண்டைச் செருகி, அதன் உச்சியில் உலோகம் அல்லது பீங்கானால் ஆன பந்தைப் பொருத்துகிறார்கள். குழியில் பாலிஎத்திலீன் என்ற கடினமான பிளாஸ்டிக்கால் ஆன கிண்ணம் அமைகிறது. முழங்காலில் தொடை எலும்பின் முனைக்கு ஓர் உலோக உறை, கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்புக்கு ஒரு தட்டு, இரண்டுக்கும் இடையே பாலிஎத்திலீன் துண்டு.

இவற்றை எலும்போடு பிணைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எலும்புச் சிமெண்ட் எனப்படும் அக்ரிலிக் பசை. கலந்த சில நிமிடங்களில் இறுகிவிடும். இன்னொன்று, சொரசொரப்பான மேற்பரப்புள்ள உலோகத்தை இறுக்கமாகப் பொருத்தி, எலும்பே அதன் நுண்துளைகளுக்குள் வளர விடுவது.

இன்றைய இடுப்பு மூட்டின் அடிப்படை வடிவத்தைத் தந்தவர் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் சார்ன்லி. வெற்றியை மட்டும் எழுதிவைத்தவர் அல்லர் அவர். தோல்விகளையும் எண்ணி எழுதினார். அதனால், சிக்கல்களின் வரலாற்றிலும் அவர் பெயரே முதலில் வருகிறது.

கிருமிக்குக் கிடைக்கும் இடம்

நோயாளிகளும் மருத்துவர்களும் மிக அஞ்சும் சிக்கல் கிருமித் தொற்று. நல்ல மையங்களில் நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு மட்டுமே இது வருகிறது. ஆனால் வந்துவிட்டால் மாதக்கணக்கில் சிகிச்சை நீளும்.

உடலுக்குள் ஓர் அந்நியப் பொருள் இருந்தால் தொற்று எவ்வளவு எளிதாகிறது என்பதை 1957இல் எலெக், கோனன் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஸ்டஃபிலோகாக்கஸ் என்பது நம் தோலிலும் மூக்கிலும் வாழும் ஒரு பாக்டீரியா. ஆரோக்கியமான மனிதத் தோலில் அதைக் கொண்டு சீழ் பிடிக்கவைக்கப் பல லட்சம் கிருமிகளைச் செலுத்த வேண்டியிருந்தது. அதே இடத்தில் ஒரு பட்டுத் தையல் நூல் இருந்தபோது சில நூறு கிருமிகளே போதுமானவையாக இருந்தன. ஒரு நூலிழைக்கே இந்த நிலை என்றால், உள்ளங்கை அளவு உலோகத்தின் நிலை என்ன என்று கணித்துக்கொள்ளலாம்.

காரணம், கிருமிகள் ஒரு பரப்பில் ஒட்டியதும் செய்யும் வேலை. தனியாக நீந்தும் பாக்டீரியாவை வெள்ளணு பிடித்து விழுங்கிவிடும், மருந்தும் கொன்றுவிடும். பரப்பில் ஒட்டிய பாக்டீரியாவோ பெருகிக் கூட்டமாகி, தன்னைச் சுற்றிப் பசை போன்ற ஒரு பொருளைச் சுரந்து அதற்குள் ஒளிந்துகொள்கிறது. இந்தப் பசைக் குடியிருப்பைக் கிருமிப் படலம் என்று சொல்லலாம். பல நாள் கழுவாத தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரில் கைபட்டால் வழுக்குமே, அதுவும் ஒரு கிருமிப் படலம்தான். அதன் மேல் தண்ணீரைப் பாய்ச்சினால் போகாது. தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் கிருமிகள் மிக மெதுவாக வளர்வதால், வளரும் கிருமிகளைத் தாக்கும் மருந்துகளும் அவற்றிடம் பெரிதாகப் பலிப்பதில்லை.

செயற்கை மூட்டு உடலுக்குள் வைக்கப்பட்ட கணத்திலிருந்து அதன் பரப்புக்காக ஒரு போட்டி நடக்கிறது. உடலின் செல்கள் முதலில் சென்று ஒட்டிக்கொண்டால் கிருமிக்கு இடமில்லை. கிருமி முந்திக்கொண்டால் செல்கள் பின்தங்கும். அமெரிக்க எலும்பியல் மருத்துவர் ஆன்டனி கிரிஸ்டினா 1987இல் இதைப் ‘பரப்புக்கான பந்தயம்’ என்று அழைத்தார். தொற்றுத் தடுப்பு முறைகள் எல்லாம் இந்தப் பந்தயத்தில் உடலின் பக்கம் சேர்க்கும் பலங்களே.

ஒரு மருத்துவமனையின் கணக்கு

அந்தப் பலம் எவ்வளவு என்பதை எண்களாகவே பார்க்க முடிகிறது. 1960களின் தொடக்கத்தில் சார்ன்லி அறுவை செய்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கும் அதிகமானோருக்கு மூட்டில் தொற்று ஏற்பட்டது. ஆயிரம் பேர் வந்தால் எழுபதுக்கும் மேற்பட்டோருக்குப் புதிய மூட்டு வலியாகவும் சீழாகவும் மாறும். இந்த நிலையில் இந்தச் சிகிச்சையைப் பரவலாக்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்தது.

கிருமி எங்கிருந்து வருகிறது என்று அவர் தேடினார். கருவிகள் கொதி நீராவியில் கிருமி நீக்கப்பட்டவை. கையுறைகளும் அப்படியே. மிச்சமிருந்தது காற்று. மனிதர் நடமாடும்போது ஒவ்வொரு நிமிடமும் ஆயிரக்கணக்கான தோல் செதில்கள் உதிர்கின்றன. அவற்றில் ஒரு பகுதி பாக்டீரியாவைச் சுமந்து மிதக்கின்றன. அறுவை அறையில் ஆறு பேர் நின்றால் ஆறு பேரின் செதில்களும் திறந்த காயத்தின் மேல் இறங்கும்.

காற்று வடிகட்டும் தொழிலில் இருந்த ஹோவொர்த் நிறுவனத்துடன் சேர்ந்து சார்ன்லி ஒரு சிறு கூடத்தை அமைத்தார். வடிகட்டிய காற்று மேலிருந்து கீழாகத் தொடர்ந்து இறங்கியது. அறுவை செய்பவர்கள் உடல் முழுவதும் மூடும் ஆடையும் தலைக்கவசமும் அணிந்தார்கள். அவர்கள் விட்ட மூச்சுக் காற்று குழாய் வழியே வெளியேற்றப்பட்டது. ஆடைத் துணியும் தையல் முறையும்கூட மாற்றப்பட்டன. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அவர் காற்றிலிருந்த கிருமிகளை எண்ணினார். நோயாளிகளின் தொற்றையும் எண்ணினார். பத்தாண்டுகளில் தொற்று நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. முன்பு ஆயிரத்தில் எழுபதுக்கும் மேல். இப்போது பத்துக்கும் குறைவு.

இந்தக் குறைவு முழுவதற்கும் காற்றுதான் காரணமா? அறுவைத் திறனும் தையல் முறையும் அதே காலத்தில் மேம்பட்டிருந்தன. இதைப் பிரித்தறிய பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளை ஒப்பிட்டது. முடிவுகள் 1982இல் வெளிவந்தன. சாதாரண அறையில் தொற்று 1.5 சதவீதம், மிகத் தூய காற்று அறையில் 0.6 சதவீதம். உடலை மூடி மூச்சுக்காற்றை வெளியேற்றும் ஆடையும் சேர்ந்தபோது பலன் இன்னும் கூடியது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: முன்கூட்டியே நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுப்பது தனியாகவே தொற்றைப் பெரிதும் குறைத்தது.

இந்த இரண்டாவது செய்தி காலப்போக்கில் முதலாவதை விட முக்கியமாயிற்று. எல்லா நோயாளிகளுக்கும் மருந்து கொடுப்பது வழக்கமான பிறகு, சிறப்புக் காற்றோட்டத்தின் கூடுதல் பலன் பல நாடுகளின் பதிவுகளில் தென்படவில்லை. 2016இல் உலக சுகாதார நிறுவனம், மூட்டு மாற்று அறுவைக்காகவே அத்தகைய காற்றோட்ட அமைப்பைப் பயன்படுத்த வேண்டியதில்லை என்று பரிந்துரைத்தது. சார்ன்லி தொடங்கிவைத்த எண்ணும் வழக்கமே அவர் கண்ட வழியையும் சோதித்துப் பார்த்தது. அறையில் ஆட்கள் குறைவாக இருப்பதும், கதவை அடிக்கடி திறக்காமல் இருப்பதும் இன்றும் மதிக்கப்படும் விதிகள்.

கத்தி படும் முன்

நுண்ணுயிர்க்கொல்லியின் பலன் நேரத்தைப் பொறுத்தது. கத்தி படும் கணத்தில் மருந்து திசுக்களில் நிறைந்திருக்க வேண்டும். பல வகை அறுவைகளுக்கு உள்ளான 2,847 பேரை ஆராய்ந்து 1992இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அறுவைக்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் 0.6 சதவீதத்தினருக்கே காயத்தில் தொற்று வந்தது. அதைவிட முன்னதாகப் பெற்றவர்களில் 3.8 சதவீதம், அறுவை தொடங்கி மூன்று மணி நேரத்துக்குப் பிறகு பெற்றவர்களில் 3.3 சதவீதம். வழக்கமாகக் கொடுக்கப்படும் செஃபசோலின் ஊசி இன்று அறுவைக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் போடப்படுகிறது. முழங்கால் அறுவையில் இரத்தம் வராமல் தொடையில் இறுக்குப் பட்டை கட்டுவதுண்டு. பட்டை இறுகிய பிறகு மருந்து காலுக்குப் போகாது என்பதால் ஊசி அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

மற்ற தயாரிப்புகள் நோயாளியின் வீட்டிலேயே தொடங்குகின்றன.

இரத்தச் சர்க்கரை உயர்ந்திருந்தால் வெள்ளணுக்களின் வேகம் குறையும். காயம் மெதுவாக ஆறும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 7.5 அல்லது 8க்குக் கீழ் வரும்வரை காத்திருப்பதைப் பல மையங்கள் விரும்புகின்றன. அறுவை நாளிலும் அதற்கடுத்த நாள்களிலும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் அதே அளவு முக்கியம்.

புகையிலை தோலுக்கும் எலும்புக்கும் போகும் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. டென்மார்க்கில் இடுப்பு, முழங்கால் அறுவைக்குக் காத்திருந்த 120 பேரிடம் நடந்த ஆய்வு 2002இல் வெளியானது. அறுவைக்கு 6 முதல் 8 வாரம் முன்பே புகைப்பதை விடவோ குறைக்கவோ உதவி பெற்ற குழுவில் 18 சதவீதத்தினருக்குச் சிக்கல் ஏற்பட்டது. உதவி பெறாத குழுவில் 52 சதவீதம். 

மூன்று பேரில் ஒருவர் என்ற அளவில் மூக்கினுள் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் குடியிருக்கிறது. அறுவைக்கு முன் மூக்கில் தடவும் மருந்தாலும் குளோர்ஹெக்சிடின் சோப்புக் குளியலாலும் அதை நீக்கியபோது, அந்தக் கிருமியால் வரும் மருத்துவமனைத் தொற்று 7.7 சதவீதத்திலிருந்து 3.4 சதவீதமாகக் குறைந்ததை 2010இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு காட்டியது. அறுவை செய்யும் இடத்திலுள்ள முடியைச் சவரக்கத்தியால் மழிப்பது கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி சேரும். முடியை நீக்க வேண்டியிருந்தால் கத்தரிக்கும் கருவியே போதும்.

பல்லின் கதைக்கு இப்போது வரலாம். ஈறில் சீழ், காலில் ஆறாத புண், எரிச்சலோடு கூடிய சிறுநீர்த் தொற்று ஆகியவற்றிலிருந்து கிருமிகள் இரத்தத்தில் கலக்கும். ஆரோக்கியமான திசு அவற்றை அழித்துவிடும். இரத்த ஓட்டமில்லாத புதிய மூட்டு அவற்றுக்குத் தங்குமிடமாகிவிடும். அதனால் இவற்றை முதலில் குணப்படுத்துகிறார்கள். எந்தத் தொந்தரவும் இல்லாமல் சிறுநீரில் மட்டும் கிருமி தென்பட்டால் அதற்கு மருந்து கொடுப்பதால் பயன் இல்லை என்பதும் இப்போது தெளிவாகியிருக்கிறது. வலிக்காக மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால், அறுவையை மூன்று மாதமாவது தள்ளிவைப்பது வழக்கம்.

தொற்று வந்துவிட்டால்

காயத்திலிருந்து நீர் கசிவது நிற்காமல் நீள்வது, சிவப்பு பரவுவது, குறைந்துவந்த வலி மீண்டும் கூடுவது, காய்ச்சல் ஆகியவை முதல் வாரங்களின் அடையாளங்கள். அப்போது வீட்டிலிருக்கும் மாத்திரையை விழுங்குவது ஆபத்தானது. அது அடையாளங்களை மறைத்து, கிருமிப் படலம் முதிரவும், எந்தக் கிருமி என்று கண்டறிய முடியாமல் போகவும் வழிசெய்யும். மூட்டு நீரை ஊசியால் எடுத்துச் சோதிக்கும் முன் மருந்து தொடங்கக் கூடாது என்பது பொதுவான விதி.

முதல் சில வாரங்களுக்குள் கண்டுபிடித்தால் மூட்டைத் திறந்து கழுவி, கெட்ட திசுவை நீக்கி, பாலிஎத்திலீன் துண்டை மட்டும் மாற்றி, உலோகத்தைக் காப்பாற்ற முடிவதுண்டு. படலம் முதிர்ந்துவிட்டால் பொருத்திய அனைத்தையும் எடுக்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் இது இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் எல்லாவற்றையும் நீக்கி, மருந்து கலந்த சிமெண்டால் ஆன தற்காலிக மூட்டை வைத்து, வாரக்கணக்கில் நுண்ணுயிர்க்கொல்லி கொடுப்பார்கள். தொற்று அடங்கிய பின் புதிய மூட்டு. சிமெண்டில் மருந்து கலக்கும் முறையை 1970 வாக்கில் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் புக்ஹோல்ஸ் தொடங்கினார். தகுந்த நோயாளிகளுக்கு ஒரே கட்டத்தில் மாற்றும் வழியையும் அவர் குழுவினரே வளர்த்தார்கள்.

காலில் உறையும் இரத்தம்

இரத்தம் குழாய்க்குள்ளேயே உறைவதற்கு மூன்று சூழல்கள் துணைபோகின்றன: ஓட்டம் மெதுவாவது, குழாயின் சுவர் காயப்படுவது, இரத்தத்தின் உறையும் தன்மை கூடுவது. ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்ஹோவின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் இந்த மூன்றும் மூட்டு மாற்று அறுவையில் ஒருசேர அமைகின்றன. நோயாளி படுத்திருக்கிறார்; கால் திருப்பப்படுகிறது; காயத்துக்கு எதிர்வினையாக இரத்தம் எளிதில் உறைகிறது. கெண்டைக்கால், தொடைச் சிரைகளில் உருவாகும் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்து.

தடுப்பு ஏதும் இல்லாத காலத்தில், சாய ஊசி போட்டுப் படமெடுத்துப் பார்த்தபோது நோயாளிகளில் பாதிப் பேர் அளவுக்குச் சிரைகளில் உறைவு தெரிந்தது. அவற்றில் பெரும்பகுதி எந்தத் தொந்தரவும் தராமல் கரைந்தவை. இன்று தொந்தரவு தரும் உறைவு நூற்றில் ஒருவர் முதல் மூவர் வரையில்தான். அறுவை நாளன்றோ மறுநாளோ எழுப்பி நடக்கவைப்பது, கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது, காலை மாறிமாறி அழுத்தும் காற்றுறை, இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து ஆகியவற்றின் கூட்டுப் பலன் அது.

மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். கனடாவில் 3,424 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், முதல் ஐந்து நாள் ரிவரோக்சபானும் பிறகு ஆஸ்பிரினும் பெற்றவர்கள், தொடர்ந்து ரிவரோக்சபான் பெற்றவர்களைப் போலவே பாதுகாப்பாக இருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் 2022இல் வெளியான ஆய்வில், முதல் நாளிலிருந்தே ஆஸ்பிரின் மட்டும் பெற்ற குழுவில் 3.45 சதவீதத்தினருக்கும், எனாக்சபாரின் ஊசி பெற்ற குழுவில் 1.82 சதவீதத்தினருக்கும் உறைவு வந்தது. முன்பு உறைவு வந்தவர்கள், புற்றுநோய் உள்ளவர்கள், உடல் எடை மிகுந்தவர்கள் இதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மருந்து மிகுந்தால் காயத்தில் இரத்தம் கசியும். அந்தக் கசிவே தொற்றுக்கு வழிவிடும்.

இரத்த இழப்பைக் குறைப்பதில் பெரும் உதவி டிரனெக்சமிக் அமிலம். ஜப்பானைச் சேர்ந்த உட்டாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேயும் 1962இல் அறிவித்த மருந்து இது. இதனாலும், இரத்தசோகையை முன்பே சரிசெய்வதாலும், இரத்தம் ஏற்ற வேண்டியவர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருக்கிறது.

பந்து நழுவுவது

செயற்கை இடுப்பு மூட்டின் பந்து கிண்ணத்தை விட்டு விலகுவது நூற்றில் ஓரிருவருக்கு நேர்கிறது. பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில். இயற்கை மூட்டைச் சுற்றி இறுக்கமான உறையும் தசையும் உண்டு. அறுவையில் அவை வெட்டப்பட்டு, தைக்கப்பட்டு, மீண்டும் வலுப்பெறக் காலமாகும்.

கிண்ணத்தை எந்தக் கோணத்தில் வைப்பது என்பதே முதல் பாதுகாப்பு. 1978இல் லூயினெக்கும் அவர் குழுவினரும் ஒரு பாதுகாப்பு எல்லையை வரையறுத்தார்கள்: 40 பாகைச் சாய்வு, 15 பாகை முன்திருப்பம், இரண்டிலும் பத்துப் பாகை கூடக்குறைய இருக்கலாம். அந்த எல்லைக்குள் 1.5 சதவீதமும் வெளியே 6.1 சதவீதமும் நழுவின. பின்னர், எல்லைக்குள் வைத்த மூட்டுகளும் நழுவுவது தெரியவந்தது. முதுகெலும்பு விறைத்தவர்களுக்கு உட்காரும்போது இடுப்பெலும்பு வேண்டிய அளவு சாயாது. அவர்களுக்குக் கோணத்தைத் தனியாகக் கணக்கிட வேண்டும். பந்தின் அளவைக் கூட்டுவதும், பந்துக்குள் பந்து சுழலும் இரட்டை அசைவு மூட்டும் நழுவலைக் குறைக்கின்றன. பிந்தையது 1970களில் பிரான்சின் ஜில் புஸ்கே உருவாக்கியது.

பின்பக்க வழியாக அறுவை செய்துகொண்டவர்கள் முதல் மாதங்களில் மூன்று அசைவுகளைத் தவிர்க்க வேண்டும்: இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்குவது, கால் மேல் கால் போடுவது, காலை உள்நோக்கித் திருப்புவது. தாழ்ந்த நாற்காலி, தரையில் குத்தவைத்தல், குனிந்து செருப்பு மாட்டுதல் மூன்றிலும் இவற்றில் ஒன்றாவது நேரும். தரைமட்டக் கழிப்பறை உள்ள வீடுகளில் அறுவைக்கு முன்பே உயரமான இருக்கை அமைத்துவிடுவது நல்லது.

தேய்மானமும் தளர்வும்

பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு வரும் சிக்கல் தளர்வு. இதன் காரணத்தைக் கண்டறியவும் ஒரு தோல்வியே உதவியது. சார்ன்லி முதலில் கிண்ணத்துக்கு டெஃப்லானைத் தேர்ந்தார். ஏறக்குறைய 300 பேருக்குப் பொருத்திய பின், ஓரிரு ஆண்டுகளிலேயே அது தேய்வது தெரிந்தது. தேய்ந்த துகள்கள் சுற்றியுள்ள எலும்பை அரித்தன. அந்த மூட்டுகளை அவர் மீண்டும் அறுவை செய்து மாற்ற வேண்டியிருந்தது. டெஃப்லான் துகள்களைத் தன் தொடையிலேயே செலுத்தி, அங்கே கட்டி உருவாவதைத் தொட்டுணர்ந்தார். 1962 நவம்பரில் பாலிஎத்திலீனுக்கு மாறினார். இன்றுவரை அதுவே நிலைத்திருக்கிறது.

பாலிஎத்திலீனும் தேயும். நடமாடும் ஒருவரின் கால் ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் அடி வைக்கிறது. பழைய வகைக் கிண்ணத்தில் ஆண்டுக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர் தேயும். பத்தாண்டில் ஒரு மில்லிமீட்டர். அளவு சிறியது; ஆனால் அது கோடிக்கணக்கான நுண்துகள்களாக உதிர்கிறது. கிருமியென்று எண்ணி அவற்றை விழுங்கணுக்கள் விழுங்குகின்றன. செரிக்க முடியாமல் வேதித் தூதுகளை அனுப்புகின்றன. அந்தத் தூது, எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டுகிறது. மூட்டைப் பிடித்திருக்கும் எலும்பு உள்ளேயே கரைந்து, மூட்டு ஆடத் தொடங்குகிறது. ஒருகாலத்தில் இதற்குச் சிமெண்டே காரணம் என்று நினைத்தார்கள். சிமெண்ட் இல்லாத மூட்டுகளிலும் இது வந்தபோதுதான் துகள்களின் பங்கு தெளிவாயிற்று.

1990களின் இறுதியில் வந்த குறுக்குப்பிணைப்புப் பாலிஎத்திலீன் தேய்மானத்தைப் பல மடங்கு குறைத்தது. இதில் கதிர்வீச்சால் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைக்கப்படுகின்றன. காற்றில் ஆக்சிஜனேற்றமாகி நொறுங்காமலிருக்கச் சில வகைகளில் வைட்டமின் ஈ சேர்க்கிறார்கள்.

தேய்மானத்தை அடியோடு ஒழிக்க உலோகப் பந்தையும் உலோகக் கிண்ணத்தையும் இணைத்த முயற்சி வேறு விதமாக முடிந்தது. சில வடிவங்களிலிருந்து கோபால்ட், குரோமியம் அயனிகள் கசிந்து திசுவை அழித்தன. ஏ.எஸ்.ஆர் என்ற அத்தகைய மூட்டு சீக்கிரம் பழுதாவதை ஆஸ்திரேலியாவின் தேசிய மூட்டுப் பதிவேடு 2007இலேயே சுட்டிக்காட்டியது. உலகெங்கும் அது திரும்பப் பெறப்பட்டது 2010 ஆகஸ்டில். இந்தியாவிலும் ஆயிரக்கணக்கானோருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. பொருத்திய ஒவ்வொரு மூட்டையும் பெயர், வகை, தேதியோடு எழுதிவைத்துப் பின்தொடரும் இத்தகைய பதிவேட்டைச் சுவீடன் முழங்காலுக்கு 1975இலும் இடுப்புக்கு 1979இலும் தொடங்கியது. எந்த மூட்டு நம்பத்தக்கது என்பதை இவற்றைவிடத் தெளிவாகச் சொல்லும் கருவி இல்லை. தனக்குப் பொருத்தப்பட்ட மூட்டின் வகையும் எண்ணும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டை நோயாளி தன் மருத்துவக் கோப்பில் பத்திரப்படுத்த வேண்டும்.

நரம்பு, முறிவு, விறைப்பு, வலி

முழங்கால் தழும்பின் வெளிப்பக்கம் மரத்துப்போவது மிகப் பலருக்கு ஏற்படும். வெட்டும்போது தோல் நரம்பின் சிறு கிளைகள் அறுபடுவதால் வருவது அது, தீங்கற்றது. பாதத்தைத் தூக்க முடியாமல் போவது வேறு. நெடுநாள் உட்புறம் இடித்துக்கொண்டு வளைந்திருந்த முழங்காலை நேராக்கும்போது வெளிப்புற நரம்பு இழுபடலாம். இது அரிது. கண்டவுடன் கட்டைத் தளர்த்தி முழங்காலைச் சற்று மடக்கி வைப்பது முதல் உதவி. இடுப்பு அறுவையில் இரு கால்களின் நீளம் சிறிது வேறுபடலாம். எக்ஸ்ரேயில் முன்கூட்டியே அளந்து திட்டமிடுவது இதைக் குறைக்கும்.

உலோகத் தண்டைச் சுற்றி எலும்பு முறிவது முதியவர்களிடம் கூடிவரும் சிக்கல். பெரும்பாலான முறிவுகளுக்குக் காரணம் வீட்டுக்குள் விழுவது. எலும்பு மெலிவுக்குச் சிகிச்சை, கழிப்பறையில் கைப்பிடி, ஈரமில்லாத தரை, இரவில் விளக்கு, கண்புரை இருந்தால் அதை அகற்றுவது ஆகிய அனைத்தும் மூட்டைக் காக்கும் சிகிச்சைகளே.

முழங்கால் விறைப்பைத் தடுப்பது முதல் ஆறு வாரப் பயிற்சி. வலிக்கு அஞ்சி மடக்காமல் வைத்தால் உள்ளே நார்த்திசு இறுகிவிடும். முன்னேற்றம் நின்றுபோனால் மயக்க மருந்து கொடுத்து மூட்டை மடக்கிவிடுவது உண்டு. மூன்று மாதத்துக்குள் செய்தால் பலன் அதிகம்.

எந்தக் குறையும் இல்லாத முழங்கால் மாற்றுக்குப் பிறகும் ஐந்தில் ஒருவர் வரை முழு நிறைவு அடைவதில்லை. முதுகெலும்பிலிருந்து வரும் வலியை முழங்கால் வலியென்று எண்ணியிருப்பது, தேய்மானம் முற்றாத நிலையிலேயே மூட்டை மாற்றியது, நிறைவேற முடியாததை எதிர்பார்த்தது ஆகியவை இதற்கான காரணங்களில் சில. இந்தச் சிக்கலைத் தடுக்கும் இடம் மருத்துவரின் ஆலோசனை அறை. அறுவை அறைக்குப் போகும் முன்பே அது முடிந்துவிடுகிறது.

வருடங்கள் கழிந்தபின்

ஆறு வாரத்தில் ஆறிய காயத்தோடு மூட்டின் பராமரிப்பு முடிவதில்லை. காலில் புண், தோலில் சீழ், நடுக்கத்தோடு காய்ச்சல் எதுவாயினும் செயற்கை மூட்டு இருப்பதைச் சொல்லி உடனே சிகிச்சை பெற வேண்டும். பல் மருத்துவரிடமும் அதைச் சொல்ல வேண்டும். பல் சிகிச்சைக்கு முன் எல்லாருக்கும் நுண்ணுயிர்க்கொல்லி தேவையில்லை. நோயெதிர்ப்பு குறைந்தவர்களுக்கு மட்டும் மருத்துவர் முடிவெடுப்பார். நடை, நீச்சல், மிதிவண்டி மூட்டுக்கு நல்லவை. ஓட்டம், குதித்தல், செயற்கை முழங்காலோடு தினமும் குத்தவைத்து உட்காருதல் ஆகியவற்றைப் பெரும்பாலான மருத்துவர்கள் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

துகள்களால் எலும்பு கரைவது நெடுங்காலம் வலியே தராது. அதனால், நலமாக இருக்கும்போதும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுப்பது அவசியம். எலும்பு மிச்சமிருக்கும்போது மறு அறுவை எளிது. கரைந்த பின் கடினம்.

தேசிய மூட்டுப் பதிவேடுகளைத் தொகுத்து 2019இல் வெளியான கணக்கின்படி, இடுப்பு மாற்று மூட்டுகளில் 58 சதவீதமும் முழு முழங்கால் மாற்று மூட்டுகளில் 82 சதவீதமும் இருபத்தைந்து ஆண்டுகள் நீடித்தன. அவை பெரும்பாலும் பழைய பாலிஎத்திலீனோடு பொருத்தப்பட்டவை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இடுப்பு மாற்றுக்குப் பின் 90 நாளுக்குள் ஏற்பட்ட இறப்பு 2003இல் 0.56 சதவீதமாக இருந்து 2011இல் 0.29 சதவீதமாகக் குறைந்தது. பாதியாகச் சரிந்த அந்த எண்ணுக்குப் பின்னால் தனியான ஓர் அதிசயக் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. தகுந்த நோயாளியைத் தேர்வது, சர்க்கரையையும் இரத்தசோகையையும் முன்பே சீர்செய்வது, சரியான நேரத்தில் ஒரு ஊசி, சீக்கிரம் எழுந்து நடப்பது, ஒவ்வொரு விளைவையும் எண்ணிப் பதிவது என்ற சிறு செயல்கள் ஒவ்வொரு நோயாளிக்கும் தவறாமல் நடக்கும் இடத்தில் சிக்கல்கள் குறைகின்றன.